சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் நோட்டீஸ்: மறைக்க ஒன்றுமில்லை என்றால் பயம் எதற்கு?

கேள்வி, 2 ஜூன் 2025

கல்யாணம் என்ன ரகசியக் காரியமா? வீடு வீடாகப் பத்திரிகை வைக்கிறோம், மைக் செட் கட்டுகிறோம், ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுகிறோம். சார்பதிவாளர் ஆபீஸில் 30 நாள் பேர் ஒட்டிவைத்தால் மட்டும் தனிமனித சுதந்திரத்தில் அரசாங்கம் கைவைக்கிறது என்று சிலர் கூப்பாடு போடுவது ஏன்? மறைக்க ஒன்றுமில்லை என்றால் பயம் எதற்கு?

2 ஜூன், இரவு 9.50

பத்திரிகை அடிப்பது நான். யாருக்குத் தட்டோடு நேரில் போய் வைப்பது, யாருக்கு வாட்ஸப்பில் தட்டிவிடுவது, யாரை விட்டுவிடுவது எல்லாம் என் பாடு. பெரியப்பாவுக்கு வைத்துச் சித்தப்பாவை விட்டால் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது, அந்த நஷ்டமும் என்னுடையது. போர்டில் ஒட்டுவது அரசாங்கம். அதற்குச் சித்தப்பாவும் ஒன்றுதான், வேலைவெட்டி இல்லாமல் ஆபீஸ் வாசலில் நிற்கிற ஆளும் ஒன்றுதான்.

மதம் மாறாமலே கல்யாணம் பண்ண வழிவிடுகிற இந்தச் சட்டத்தில்தான் 2004ல் எங்கள் பேர் அப்படி ஒட்டப்பட்டது. நாளைக்கு எழுதுகிறேன்.

3 ஜூன், இரவு 10.30

எனக்கு அப்போது 26, அவருக்கு 28. நான் திருச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், மகளிர் விடுதியில் வாசம். அவர் தூத்துக்குடிப் பக்கம், கிறிஸ்தவர். நான் இந்து. சாதிப் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக் காலைக்குள் இந்த இழை முழுக்க அதைப் பற்றித்தான் ஓடும்.

இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். படிவத்தில் கட்டங்கள்: பெயர், நிலை, தொழில், வயது, வசிக்கும் இடம், அது நிரந்தரம் இல்லையென்றால் நிரந்தர இடம், எத்தனை நாளாக இருக்கிறீர்கள். 'நிலை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று முழித்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர், "கல்யாணம் ஆகலைன்னு போடும்மா" என்றார், நல்ல கணீர்க் குரல். அறையிலிருந்த ஏழெட்டுப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வந்த அவமானம் இத்தோடு போகட்டும் என்று நினைத்தேன்.

அவருடைய நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்பதால் நகல் ஒன்று அந்த ஊர் ஆபீஸுக்குப் போய் அங்கேயும் ஒட்டப்பட்டது. வீட்டுக்கும் தபாலில் ஒன்று போகும், சட்டமே அப்படித்தான்.

அவருடைய சித்தப்பா ஒரு கிரயம் முடிக்க அந்த ஆபீஸுக்குப் போயிருக்கிறார். மதியச் சாப்பாட்டு நேரம், கரண்ட்டும் இல்லை. காற்று வாங்க வெராண்டாவில் நின்றவர் பொழுது போகாமல் போர்டைப் பார்த்திருக்கிறார். கம்பி வலை அடித்த பலகை, சின்னப் பூட்டு. உள்ளே ஏல அறிவிப்பு, ஏதோ சுற்றறிக்கை, அதற்குக் கீழே மைதாப் பசை காய்ந்து ஓரம் சுருண்ட எங்கள் தாள். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. பக்கத்தில் நின்றவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அண்ணன் மகன் பேர், இனிஷியலோடு. அடுத்த வரியில் என் பேர், என் வயசு, என் விடுதி, கதவு எண் உட்பட.

17ஆம் நாள் விடுதி வாசலில் ஒரு வேன் நின்றது. ஆறு ஆண்கள், இரண்டு பெண்கள். அவர்கள் என்னைத் தேடி அலையவே இல்லை, அரசாங்கம் முகவரி எழுதிக் கொடுத்திருந்தது. அடிதடி இல்லை. வாசலில் நின்று பேசினார்கள், அவ்வளவுதான். மறுநாளே வார்டன் என்னை இடத்தைக் காலி பண்ணச் சொன்னார். "உன் மேல தப்பில்ல டீச்சர், மத்த பிள்ளைங்க இருக்காங்கல்ல" என்று. என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் வீட்டு மாடியில் மீதி நாளைக் கழித்தேன்.

4 ஜூன், காலை 6.15

நேற்று விட்டுப்போனது. சித்தப்பா ஆட்சேபமும் கொடுத்தார். 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆனால் சட்டம் போட்ட நிபந்தனைகள் மீறப்படுகின்றன என்று மட்டும்தான் கொடுக்க முடியும். இருவரில் யாருக்கும் உயிரோடு கணவனோ மனைவியோ இருக்கக்கூடாது. சம்மதம் சொல்லக்கூடிய மனநிலை வேண்டும். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 ஆகியிருக்க வேண்டும். விலக்கப்பட்ட உறவு கூடாது. இவ்வளவே. 'அப்பா அம்மாவுக்குப் பிடிக்கவில்லை' என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

சித்தப்பா எழுதியது: பையனுக்குத் தாய்மாமன் மகளைப் பேசி முடித்தாகிவிட்டது, இந்தப் பெண் மயக்கிவிட்டாள்.

வேடிக்கை என்னவென்றால் இதே சட்டத்தின் பின்னால் இருக்கிற விலக்கப்பட்ட உறவுகள் பட்டியலில் தாய்மாமன் மகளும் உண்டு. வழக்கம் இருப்பதாகக் காட்டினால்தான் அனுமதி. அதாவது சித்தப்பா பார்த்து வைத்த கல்யாணத்துக்குத்தான் இந்தச் சட்டத்தில் தடை, எங்களுக்கு இல்லை! அந்த வயதில் இது எனக்குத் தெரியாமல் போச்சே. தெரிந்திருந்தால் ஆபீஸ் வாசலிலேயே சொல்லியிருப்பேன்.

ஆட்சேபத்தைப் படித்த உடனே தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. விசாரணைக்கு இன்னொரு 30 நாள் வரை அவகாசம் உண்டு, அதில் இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். கிளார்க் நல்ல மனுஷன், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ரெண்டு பேரு அப்பா அம்மாவையும் ஒரு தடவ கூட்டிட்டு வந்துருங்கம்மா. நாளைக்கு எங்களுக்குத்தான் பிரச்சனை." எனக்கு 26 வயசு. வருமான வரி கட்டுகிறேன், அதற்கு யாரும் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னதில்லை.

கடைசியில் 48ஆம் நாள் நடந்தது. மூன்று சாட்சி. தமிழிலேயே சொன்னோம், இன்னாரைச் சட்டப்படி என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன் என்று. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

4 ஜூன், இரவு 8

இதையும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பீர்கள். நோட்டீஸ் ஒட்டிய அன்று திருச்சி ஆபீஸில் ஒரு கடைநிலை ஊழியர் தனியாகக் கூப்பிட்டு, "அம்பது ரூவா குடுங்க டீச்சர், ஏல நோட்டீஸுக்குப் பின்னாடி வச்சு ஒட்டிடறேன்" என்றார். கொடுத்தோம். அங்கே 48 நாளும் யார் கண்ணிலும் படவில்லை. இன்னொரு மாவட்டத்திலும் ஒருத்தருக்கு அம்பது ரூபாய் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ல் உச்சநீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த ஊழியர் 13 வருஷம் முன்னாலேயே அதற்கு விலை போட்டு வைத்திருந்தார்.

5 ஜூன்

திருத்தம். 'வீட்டுக்கும் தபாலில் போகும், சட்டமே அப்படித்தான்' என்று 3ஆம் தேதி எழுதியது தப்பு. ஒருவர் சுட்டிக்காட்டினார், எடுத்துப் பார்த்தேன். சட்டம் சொல்வது இரண்டே: நோட்டீஸ் புத்தகத்தில் பதிந்து யார் கேட்டாலும் காசில்லாமல் காட்ட வேண்டும், நகலை ஆபீஸில் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். வெளி மாவட்டக்காரர் என்றால் அந்த மாவட்ட ஆபீஸிலும் ஒட்டுவார்கள். வீட்டுக்கு அனுப்பச் சொல்லவே இல்லை. டெல்லியில் ஆபீஸ்களே வழக்கமாக்கி அனுப்பிக்கொண்டிருந்தார்கள், 2009 ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்றம் கூடாது என்றது. எங்களுக்குத் தபால் வந்ததா என்று இவரைக் கேட்டேன். வரவில்லையாம். இருபது வருஷமாக வந்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

7 ஜூன்

//ஓலை வாசிப்பதில்லையா சர்ச்சில்? அதுவும் ஊரறிய அறிவிப்புதானே?//

நல்ல கேள்வி, இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும் என்று. இவருடைய அக்காவுக்கு வாசித்தபோது மாமியார் புதுச்சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம், அது ஒரு சந்தோஷம். கேட்கிற சபை மொத்தமும் சொந்தபந்தம்.

நோட்டீஸுக்குப் பின்னால் இருப்பதும் இதே யோசனைதான். ஆனால் பதிவு ஆபீஸுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் சபையை விட்டு, சாதியை விட்டு வெளியே வந்தவர்கள். ஓலை வாசிக்க ஆள் இல்லாமல்தான் அங்கே போகிறார்கள். அவர்களிடமும் ஓலை கேட்டால்?

8 ஜூன், ஞாயிறு, மதியம்

வேலை இல்லாத நாள், கொஞ்சம் பழைய கதை.

இந்தச் சட்டத்தின் தாத்தா 1872ஆம் வருஷத்து மூன்றாம் சட்டம். வங்காளத்தில் பிரம்ம சமாஜம் என்ற மதச் சீர்திருத்த இயக்கத்துக்காரர்கள், முக்கியமாகக் கேசவ சந்திர சென், தங்கள் கல்யாணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கேட்டார்கள். கிடைத்தது, ஆனால் மணமக்கள் 'நான் இந்து இல்லை, முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவன் இல்லை, பார்சி இல்லை…' என்று வரிசையாக மறுத்து உறுதிமொழி தர வேண்டும். 1923ல் ஹரி சிங் கௌர் கொண்டுவந்த திருத்தத்துக்கு அப்புறம்தான் இந்து, பௌத்த, சீக்கிய, சமணர்கள் மதத்தை மறுக்காமல் இதில் கல்யாணம் பண்ண முடிந்தது. 1954ல் நேரு காலத்தில் இப்போதைய சட்டம். மத மறுப்பு போச்சு, எந்த மதத்தவரும் வரலாம்.

இப்போது ஒரு கணக்கு, டீச்சர் புத்தி. 1872ல் வெள்ளைக்காரன் வைத்த காத்திருப்பு 14 நாள். சுதந்திர இந்தியா வைத்தது 30.

1872 சட்டத்தில் பெண்ணுக்குக் குறைந்த வயது 14. அந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்த கேசவ சந்திர சென்னே 1878ல் தன் மகளை 14 ஆகும் முன்பே கூச் பிகார் அரச வீட்டில் கட்டிக்கொடுத்தார். சமாஜமே இரண்டாக உடைந்தது. சொந்த வீட்டு வாசற்படியில் கொள்கை தடுக்கி விழுவது அப்போதிருந்தே உண்டு போல.

10 ஜூன்

//பேசாமல் சுயமரியாதைத் திருமணம் செய்திருக்கலாமே, நோட்டீஸே கிடையாதே//

அது இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான். இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு அது. இவரை மதம் மாறச் சொல்லிப் பலர் சொன்னார்கள், 'சும்மா ஒரு சர்டிபிகேட்டுக்குத்தானே, அப்புறம் சர்ச்சுக்குப் போய்க்கலாம்' என்று. என் வீட்டு ஆட்களேகூட, கோபம் கொஞ்சம் தணிந்த பிறகு. எனக்கு ஒப்பவில்லை. ஒரு கையெழுத்துக்காகச் சாமியை மாற்றச் சொல்வதற்கும் 1872ல் மறுத்து எழுதச் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் 7ஏ ஒரு அருமையான பிரிவு. 1928ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் ஆரம்பித்த முறை. ஐயர் இல்லை, அக்கினி இல்லை. 1953ல் சென்னை உயர்நீதிமன்றம் இந்தக் கல்யாணங்கள் செல்லாது என்றது. யோசித்துப் பாருங்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள்கூட ஒரே நாளில் 'கல்யாணமாகாதவர்கள்'. 1967ல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் திருத்தம். சொந்தக்காரரோ நண்பரோ வேறு யாரோ முன்னால் இருக்க, புரிகிற மொழியில் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் போதும், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும், அல்லது தாலி கட்டினால் போதும். 'அல்லது' என்ற சொல்லுக்கு இவ்வளவு அழகு வேறெங்கும் பார்த்ததில்லை.

அதிலும் ஒரு இடறல். வக்கீல் அறையில் நாலு பேர் முன்னால் ரகசியமாக நடக்கிற கல்யாணம் கல்யாணமே இல்லை என்று 2014ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. வீட்டு எதிர்ப்பும் உயிர்ப் பயமும் இருப்பவர்களை ஊரறியச் செய் என்று கட்டாயப்படுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று காரணம் சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதிய ரவீந்திர பட்தான் 2009ல் டெல்லியில் 'வீட்டுக்கு அனுப்பாதே' என்றவரும். ஒரு மனுஷனுக்கு இரண்டு முறை இதே விஷயம் கைக்கு வந்திருக்கிறது.

10 ஜூன், இரவு

'உயிர்ப் பயமெல்லாம் மிகை' என்று ஒருவர். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் பக்கம், பட்டப்பகல். சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரை வெட்டிக் கொன்றார்கள். வேறொன்றும் சொல்ல விரும்பவில்லை.

13 ஜூன்

இரண்டாம் யோசனை. எனக்கு எதிராகவே பேசப்போகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். புருஷன் வெளியூரில் வேலை, மாசம் ஒருமுறை வருவார். ஒருநாள் தெரிகிறது, அந்த ஊரில் இன்னொரு குடும்பம், இரண்டு வயசில் பிள்ளை. நோட்டீஸைப் பற்றி நான் பொரிந்து தள்ளியபோது அந்த அக்கா சொன்னார், "எங்கயாவது ஒரு போர்டுல ஒட்டியிருந்தா எனக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்கல்ல." அன்று வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அந்த ஆள் பதிவு ஆபீஸ் பக்கமே போகவில்லை. ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்தார். இந்துத் திருமணச் சட்டத்தில் நோட்டீஸே கிடையாது, 30 நாள் கிடையாது. ஏமாற்ற நினைப்பவனுக்கு நோட்டீஸ் இல்லாத வழி நாலு இருக்கிறது. 'என் பேர் இது, வயசு இது, என் வீடு இது' என்று நேர்மையாக எழுதிக் கொடுப்பவரைத்தான் போர்டில் ஏற்றுகிறார்கள்.

இருந்தாலும் அந்த அக்காவுக்கு என்னிடம் முழு பதில் இல்லை. ஆபீஸர் உள்ளுக்குள் விசாரிக்கட்டும், பிறப்புச் சான்று, அடையாள அட்டை பார்க்கட்டும், முந்தைய திருமணப் பதிவு இருக்கிறதா என்று தேடட்டும். என்னையும் அவரையும் கேட்கட்டும், ஊரை ஏன் கேட்க வேண்டும்? இதை எழுதும்போதே 'எல்லாவற்றையும் ஆதாரில் கோர்த்துவிட்டால் ஒரு தட்டில் தெரியும்' என்று இன்னொருவர் ஆரம்பிப்பார், தெரியும். அது வேறு பூதம், இங்கே வேண்டாம்.

14 ஜூன்

சொன்னேன் இல்லையா. ஆதார்காரர் வந்துவிட்டார்.

16 ஜூன்

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்டவர்களுக்கு. அலகாபாத் உயர்நீதிமன்றம் 2021 ஜனவரியில், மணமக்கள் எழுதிக் கேட்டால்தான் நோட்டீஸை வெளியிட வேண்டும், கேட்காவிட்டால் வெளியிடாமலே கல்யாணத்தை நடத்த வேண்டும் என்றது. கேரளத்தில் இந்த நோட்டீஸ்களைப் பதிவுத்துறை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. மதம் கடந்த ஜோடிகளுடைய நோட்டீஸ்களை, போட்டோ முகவரியோடு, வாட்ஸப்பில் சுற்றவிட்டார்கள். 2020 ஜூலையில் இணையத்தில் ஏற்றுவதை நிறுத்தினார்கள். போர்டு அப்படியே இருக்கிறது. 2023 ஏப்ரலில் ஒருபால் திருமண வழக்கை விசாரித்தபோது உச்சநீதிமன்ற நீதிபதிகளே இந்த நோட்டீஸைக் கேள்வி கேட்டார்கள், அக்டோபரில் வந்த தீர்ப்பு அதைத் தொடாமல் போனது. 1954 சட்டத்தில் அந்த வரிகள் இன்னும் இருக்கின்றன.

நம் ஊர் சார்பதிவாளர் அலகாபாத் தீர்ப்பை மதிப்பாரா என்று கேட்காதீர்கள். அச்சடித்து எடுத்துப் போங்கள், மரியாதையாக நீட்டுங்கள். மிச்சம் உங்கள் அதிர்ஷ்டம்.

19 ஜூன்

//கல்யாணத்தை விடுங்கள், உத்தராகண்டில் சேர்ந்து வாழ்வதையே பதியச் சொல்கிறார்கள், அது பெண்களுக்குப் பாதுகாப்புத்தானே//

2025 ஜனவரி 27லிருந்து நடைமுறை. ஒரு மாதத்துக்குள் பதியாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விவரம் உள்ளூர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். இருவரில் ஒருவர் 21க்குக் கீழே என்றால் பெற்றோருக்கும் தகவல் போகும். 18ல் ஓட்டுப் போட்டு முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கலாம், 20ல் யாரோடு வீட்டு வாடகையைப் பகிர்ந்துகொள்கிறோம் என்பதை அப்பாவுக்குச் சொல்லியாக வேண்டும். 1872 சட்டத்திலும் 21க்குக் கீழே என்றால் காப்பாளர் சம்மதம் வேண்டும். அந்த 21 எங்கேயும் போகவில்லை, நம்மைச் சுற்றிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

பாதுகாப்பு என்றீர்கள். எனக்கு வார்டன் ஞாபகம் வந்தது. அவரும் பாதுகாப்புக்காகத்தான் வெளியே அனுப்பினார்.

அரசாங்கம் ஒரு பக்கம், சமூகம் இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பேசுவது என் அனுபவத்தில் சரியாக வரவில்லை. அந்தக் கிளார்க்குக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை. சித்தப்பாவிடம் சட்டப் புத்தகம் இல்லை. ஒருவர் போர்டு வைத்தார், இன்னொருவர் வேன் கொண்டுவந்தார்.

20 ஜூன்

நேற்று வீரமாக எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். என் பெண்ணுக்கு 19, கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மூன்று மாதமாக அவளிடம் 'போனில் லொகேஷன் ஆன் பண்ணி வை' என்று நச்சரிக்கிறேன். இன்று காலையும் கேட்டேன். "ஏம்மா, போர்டுல ஒட்டணுமா?" என்றாள். இந்த இழையைப் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

அம்மா கேட்பதும் அரசாங்கம் கேட்பதும் ஒன்றா என்று வாதாடினேன். 'நீ கேட்டா நான் மாட்டேன்னு சொல்லலாம், அதுதான் வித்தியாசம், இப்ப சொல்றேன், மாட்டேன்' என்றாள். போனை வைத்துவிட்டாள். இதில் நான் தோற்றேனா ஜெயித்தேனா என்று இவரைக் கேட்டால், மனுஷன் இட்லியைப் பார்த்துச் சிரிக்கிறார்.

லொகேஷன் ஆன் ஆகவில்லை. ராத்திரி சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

23 ஜூன்

முதல் கேள்வியைக் கேட்டவர் மூன்று வாரம் கழித்து வந்து இன்னொன்று கேட்டிருக்கிறார்: ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் அதிகபட்சம் எத்தனை நாள் தள்ளும்?

விரல் தட்டச்சுப் பலகைக்குப் போய்விட்டது. பதில் எனக்கு மனப்பாடம். அப்புறம் நின்றேன். நீங்கள் யார்? நோட்டீஸ் கொடுத்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருக்கிற பையனா? தங்கச்சி பேரைப் போர்டில் பார்த்துவிட்டு வந்த அண்ணனா? முதல் நாள் கேட்டது வாதத்துக்காக என்றுதான் நினைத்தேன்.

24 ஜூன்

அவர் பதில் சொல்லவில்லை. சிலர் என்னைத் திட்டினார்கள், சட்டம் எல்லோருக்கும் பொது, கேட்டவரின் நோக்கத்தை நோண்டுவது நான் எதிர்க்கிற அதே வேலைதான் என்று. நியாயம். அந்தத் தாளில் நான் எழுதியதைவிட அதிகமாக இவரிடம் கேட்டுவிட்டேன்.

ஆக, அண்ணனாக இருந்தால்: பிடிக்கவில்லை என்பது ஆட்சேபம் ஆகாது. நியாயமில்லாமல், கெட்ட எண்ணத்தில் கொடுத்ததாக ஆபீஸருக்குத் தோன்றினால் உங்களிடமிருந்து 1,000 ரூபாய் வரை வாங்கி அவர்களுக்குக் கொடுக்கச் சொல்லலாம். 1954ல் போட்ட தொகை, அன்றைக்கு அது ஒரு நல்ல தொகை.

பையனாக இருந்தால்: நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் ஆயுள். அதற்குள் முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆட்சேபம் வந்தால் என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள், வாயால் சொல்வதை நம்பாதீர்கள். மூன்று சாட்சிக்கு நாலு பேரைக் கூட்டிப் போங்கள், ஒருவர் கடைசி நேரத்தில் வரமாட்டார். எங்களுக்கு வரவில்லை. பத்திர எழுத்தர்தான் கையெழுத்துப் போட்டார், அந்தக் கணீர்க் குரல்காரர். காசு வாங்கவில்லை.

28 ஜூன்

நேற்று வில்லங்கச் சான்று விஷயமாக ஒரு சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. டோக்கன் வாங்கிவிட்டு வெளியே நின்றேன். போர்டு இருந்தது. கம்பி வலை இல்லை, இப்போது கண்ணாடி. உள்ளே இரண்டு திருமண நோட்டீஸ்.

முழுக்கப் படித்தேன். பெண்ணுக்கு 24, பையனுக்கு 27. தொழில், தெருப் பேர், கதவு எண். இனிஷியலைப் பார்த்து எந்தப் பக்கத்து ஆட்களாக இருக்கும் என்றுகூட மனசு கணக்குப் போட்டது. பாதியில்தான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது, ஆனாலும் நிறுத்தவில்லை, கடைசி வரி வரை போனேன்.

பின்னால் ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, கையில் பழைய பத்திரச் சுருள். "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன். என்னம்மா போட்டுருக்கு அதுல?"

"ஏல நோட்டீஸுங்கய்யா" என்றேன்.

"அப்படியா, எந்த ஊரு நெலம்?"

அதை நான் யோசித்து வைக்கவில்லை.